ஆசானைத் தேடிய கால்கள்

ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற விழைந்த நாளில், கல்லூரியின் புகழை நோக்கினேனேயன்றி, நெறிப்படுத்தும் ஆசிரியரை நோக்கினேனில்லை. அப்பிழைக்கு ஈராண்டுகளை விலையாகத் தந்தேன். ஆதலின், பிரேசில் நாட்டு இடைத்தூர ஓட்ட வீரர் ஜோகிம் குரூஸின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது.

1981இல் அமெரிக்கா சென்ற அவ்விளைஞர் முதலில் யூட்டாவில் தங்கினார். பின்னர் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாடு மாறிற்று, ஊர் மாறிற்று, மொழியும் மாறிற்று. சிறுவயது முதல் பயிற்றுவித்த லூயிஸ் டி ஒலிவேரா மட்டும் மாறவில்லை; உடன் சென்றார். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 43.00 நொடியில் ஓடிக் குரூஸ் தங்கம் வென்றார்.

மாணவச் செல்வங்களே! அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் அழைக்கும்போது, உதவித்தொகை எவ்வளவு என்று கேட்குமுன், பயிற்றுவிப்பவர் யாரென்று கேளுங்கள். ஓடுகளத்திற்கும் ஆய்வுக்கும் இஃதொன்றே நெறி.