கல் பாவிய பாதை

தோட்டம் என்னும் சொல் ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறது. சமவெளியில் வாழும் தமிழருக்கு அது வாழையும் மல்லிகையும் தழைக்கும் கொல்லைப்புறம். பொகவந்தலாவையில் வாழும் எங்களுக்கோ நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடக்கும் தேயிலை. அதன் தொழிற்சாலை, பிரட்டுக்களம், லயங்கள் எல்லாமே அச்சொல்லில் அடக்கம். ஆகவே, தோட்டத்துப் பாதை என்று நாங்கள் சொல்லும்போது, பூச்செடிகளின் நடுவே உலாவுவதற்கு அமைத்த நடைபாதை எவர் நினைவிலும் எழுவதில்லை. கொழுந்துச் சுமையோடு பெண்கள் ஏறும் சரிவு, பிள்ளைகள் பாடசாலைக்கு இறங்கும் குறுக்குவழி, நோயாளியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிச் செல்லும் ஒற்றையடித் தடம் ஆகியனவே எங்கள் தோட்டத்துப் பாதைகள்.

எனினும், பூச்செடிகளின் நடுவே கல் பாவிய பாதைகள் இம்மலைகளிலும் உண்டு. துரைமார் பங்களாக்களைச் சுற்றி அவை கிடக்கின்றன. எத்தனையோ பருவமழைகளைக் கண்டும் ஒரு கல்லும் அசையாத பாதைகள் அவை. அந்தப் பங்களாக்களிற் சில இன்று உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகள். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் இம்மலைகள் தேயிலைக்கு மாறின. மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் கொள்ளைநோய்க்கு உற்றாரைப் பறிகொடுத்து வந்த மக்களும் அவர்தம் சந்ததியினருமே இங்கே கான் வெட்டினார்கள், கல்லணை அடுக்கினார்கள், வீதி சமைத்தார்கள். துரையின் பூந்தோட்டத்துக்குக் கல் பாவியவர்களும் அவர்களே. தம் லயத்து வாசலுக்கு ஒரு கல் பதித்துக்கொள்ள அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை, அதிகாரமும் இருக்கவில்லை.

வீதியும் கூலியற்ற உழைப்பும் இந்நாட்டில் நெடுங்காலத் தொடர்புடையவை. மன்னர் காலத்து இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயரும் தம் வீதிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் விசாரணையை ஒட்டி அது 1832ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆனால் 16 ஆண்டுகள் கழிவதற்குள், 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இன்றேல் அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டில் மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணம். அந்த ஆணைக்குழுவில் இடம்பெற்ற சார்ள்ஸ் ஹே கமரன் பிற்காலத்தில் இலங்கையில் கோப்பித் தோட்டங்களின் உடைமையாளர் ஆனார். 1879இல் மறைந்த அவர் மனைவியும், புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்றவருமான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரும், மறு ஆண்டில் மறைந்த அவரும், பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்து மயானத்திலேயே அடக்கமாகியுள்ளனர். அக்கல்லறையைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள். அதே காலத்தில் அதே மலைகளில் உழைத்து மாண்ட எங்கள் முன்னோரிற் பெரும்பாலோரின் புதைகுழிக்கு அடையாளமாக ஒரு கல்லும் கிடையாது.

கட்டாய ஊழியம் ஒழிந்த பின்னும் எங்கள் பாதைக்குச் சட்டமே தடையாக நின்ற காலம் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்ட நிலம் பொதுநிலம் அன்று என்ற காரணத்தால், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட அப்பிரிவு இடந்தரவில்லை. நாங்களும் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, பக்கத்துக் கிராமத்து ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடலாம். எங்கள் லயத்து வாசலில் ஒரு கூடை சல்லி கொட்டுவதற்கும் சட்டம் குறுக்கே நிற்கும். 2018ஆம் ஆண்டில்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதிகாரம் வந்தது, பணமும் மனமும் எல்லா லயங்களையும் எட்டிவிடவில்லை.

இந்நிலையிலேதான், 12 காம்பராக்கள் கொண்ட எங்கள் லயத்தில், வாசலிலிருந்து மரக்கறிப் பாத்திகளின் ஊடாகப் பீலிக்கரை வரை நாங்களே கல் பாவுவதென்று தீர்மானித்தோம். தூரம் 120 அடிதான். ஆனால் வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தண்ணீர்க் குடத்தோடு அந்த 120 அடியைக் கடப்பது பெரும்பாடு. வழுக்கி விழாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. ஆதலின் மழை ஓய்ந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென ஒதுக்கினோம்.

கல்லுக்குக் குறைவில்லை. பாத்தி கொத்தும்போதெல்லாம் அலவாங்கில் இடறும் கல்லே போதும். மத்திய மலைநாட்டின் அடிப்பாறை மிகப் பழைமையானது. அதில் வெளுப்பும் கறுப்புமாக வரியோடிய கல் நிரம்பக் கிடைக்கும். வரியின் போக்கில் உளி வைத்து அடித்தால் பலகைபோற் பிளந்து வரும். வரிக்குக் குறுக்கே அடித்தால் நொறுங்கும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிப்பது நல்ல கல். மந்தமாக ஒலிப்பது உள்ளே உளுத்த கல். இரண்டு மழைக்காலம் தாங்காது. தேயிலை மலையின் சரிவில் அடுக்கிய கல்லணையில் மட்டும் கைவைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். அக்கற்களே மண்ணைப் பிடித்து நிற்கின்றன. ஒன்றை உருவினால் ஒரு பாத்தி மண் கீழே போகும்.

வேலையைக் கற்றுத் தந்தவர், கான் வெட்டியே காலங்கழித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். பாதையை இரண்டரை அடி அகலத்தில் குறித்து, முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளினோம். அடியில் உடைகல்லைப் பரப்பி இடித்தோம். மேலே சல்லியும் பருமணலும் இட்டோம். அதன்மேல் கல். சொரசொரப்பான முகம் மேலே, கனத்த பாகம் கீழே. "கல்லை வைக்காதீங்க தம்பி, உக்கார வைங்க" என்பார் பெரியவர். நாலு மூலையிலும் ஏறி நின்று பார்ப்போம். எங்கேனும் ஆடினால் பெயர்த்தெடுத்து மணலைச் சரிசெய்து மீண்டும் பதிப்போம். சரிவான இடத்தில் கீழிருந்து மேலாகவே படி அமைத்தோம். கீழ்ப்படியின் பின்விளிம்பை மேற்படி அழுத்திப் பிடித்தால்தான் அது நகராது. படியின் உயரத்தை முடிவு செய்தவர்கள் பெண்கள். ஆண்கள் முக்கால் அடி என்றார்கள். மலையில் கொழுந்தெடுத்து முழங்கால் தேய்ந்த ஒருவரைக் குடத்தோடு ஏறி இறங்கச் செய்து பார்த்து, ஐந்தரை அங்குலம் என்று மாற்றினோம்.

இவ்வளவையும்விட முக்கியமானது தண்ணீர். பாதை நெடுகிலும் ஒரு பக்கம் சிறு கான் வெட்டி, படிகளை அரை விரற்கடை முன்சாய்வாக அமைத்து, மழைநீர் கல்லின் மேல் தேங்காமலும் அடியில் புகாமலும் வழி செய்தோம். நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்படி விட்டால் மலைச்சரிவு பொறுத்துக்கொள்ளாது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்ததை மலையகத்தில் மறந்தவர் எவர்? எங்கள் சிறு கான் அத்தகைய பேரழிவைத் தடுக்காது என்பதை அறிவோம். அதைத் தடுப்பது, ஆபத்தான சரிவுகளிலிருந்து மக்களை உரிய நேரத்தில் பாதுகாப்பான நிலத்துக்கு மாற்ற வேண்டியவர்களின் கடமை.

வேலை நடந்துகொண்டிருக்கையில் எங்களுள் இரண்டு கேள்விகள் எழுந்தன. முதலாவது இளைஞர்களுடையது. நாமே செய்துகொண்டால் நிர்வாகமும் சபையும் தத்தம் கடமையிலிருந்து நழுவிவிடமாட்டாவா? சிரமதானம் என்ற நல்ல பெயரால் கூலியற்ற உழைப்பு மீண்டும் எங்கள் தலையில் ஏறாதா? வீதிச் சட்டத்தின் வரலாறு அறிந்தவர் எவரும் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கமாட்டார். நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு வரம்பு கட்டினோம். வாசலும் பாத்தியும் பீலிக்கரையும் எங்கள் அன்றாட வாழ்வுக்குரியவை. அவற்றை எங்கள் விருப்பப்படி, எங்கள் அளவுப்படி நாங்களே அமைப்போம். லயத்திலிருந்து பெருவீதிவரை செல்லும் வழி, பாடசாலைப் பிள்ளைகளும் நோயாளர் வண்டியும் செல்ல வேண்டிய வழி, பொதுவழி. அதில் ஒரு கல்லையும் இலவசமாகப் புரட்டமாட்டோம். அதற்கான மனுவை 12 குடும்பங்களும் கையொப்பமிட்டுச் சபைக்கு அனுப்பினோம்.

இரண்டாவது கேள்வி ஒரு பாட்டியுடையது. "ஏன்டா தம்பி, நாளைக்கு இந்த எடத்த விட்டுப் போகச் சொன்னா, இந்தக் கல்லையும் தூக்கிக்கிட்டா போவீங்க?" என்று அவர் கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. அக்கேள்வியில் ஒரு தலைமுறையின் அனுபவம் முழுவதும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எவரிடமும் விருப்பம் கேட்டுக் கணக்குப் போடவில்லை. அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே நின்ற குடும்பங்கள் எத்தனை! 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. நிலம் இத்தனை கைமாறியும் அதில் உழைத்தவர் கைக்கு மட்டும் வரவில்லை. எந்த நாளிலும் எழுப்பி அனுப்பப்படலாம் என்று அஞ்சி வாழ்ந்த மக்கள் வாசலுக்குக் கல் பாவாததில் வியப்பென்ன? அதைச் சோம்பல் என்றும் அழகுணர்ச்சியின்மை என்றும் எழுதியவர்கள் எங்கள் வாசலைப் பார்த்தார்களேயன்றி வரலாற்றைப் பார்க்கவில்லை.

குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற திட்டம் 2015க்குப் பின் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஆக, ஓர் ஏக்கரில் 22 குடும்பங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பண்படுத்திய மக்கள் கேட்கும் பங்கு இவ்வளவே. சில குடும்பங்கள் உறுதிப் பத்திரத்தோடு வீடு பெற்றன. லயத்துக் காம்பராக்களில் இன்னும் காத்திருப்போரே மிகுதி.

பாட்டியின் கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் உண்டு. நாங்கள் பாவிய கல் சட்டத்தின் முன் உறுதிப் பத்திரம் ஆகாது என்பது உண்மையே. ஆனால், இங்கே வாழ்வோம் என்று தீர்மானித்தவர்கள் செய்கிற வேலை அது. அத்தீர்மானத்தை எழுத்தில் தருவது அரசின் வேலை. காணியும் அதற்குரிய உறுதியும் தனிவீடும் ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் கிடைக்கட்டும். அந்த வீடுகளின் வாசலுக்குக் கல் பாவ எவரும் எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.