கடைசியாக என்ன மாற்றினீர்கள்?

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நிறைவடைந்தது. அதையொட்டி உங்களில் பலர் வீட்டுக் கணினிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றி வருகிறீர்கள். மாற்றியபின் பழைய பிரிண்டருக்கோ திரைக்கோ உரிய டிரைவரை நிறுவியதும், கணினி தொடங்கும்போதே நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறது என்று சிலர் ஆராதனை முடிந்தபின் என்னிடம் சொன்னீர்கள். போதகரிடம் கேட்க வேண்டிய காரியமா இது என்று தயங்கியே கேட்டீர்கள். தயங்க வேண்டாம். இந்தப் பழுதை நான் நன்கு அறிவேன். ஏனெனில் ஒருமுறை அதை உண்டாக்கியவனே நான்தான். இதுவரை எந்தப் பிரசங்கத்திலும் சொல்லாத அந்தச் சம்பவத்தை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

முன்பு நான் ஊழியம் செய்த சேகரத்தின் அலுவலகத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல்கள், கல்லறைத் தோட்டக் குறிப்புகள், அறுப்பின் பண்டிகைக் கணக்கு, பாடகர் குழுவின் ஒலிப்பதிவுகள் என எல்லாம் அதனுள் இருந்தன. வேறெங்கும் நகல் எடுத்து வைக்கப்படவில்லை. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றபின், அதை விண்டோஸ் 10-க்கு மாற்றித் தருவதாக வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பி முன்வந்தார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தவர்; அதிகம் பேசமாட்டார். ஒரு வியாழக்கிழமை மாலை வந்து, பொறுமையாக உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். கணினி நன்றாகவே இயங்கியது. ஒன்று மட்டும் குறை: திரையில் எழுத்துகள் பெரிதாகவும் மங்கலாகவும் தெரிந்தன.

"கிராஃபிக்ஸ் கார்டுக்கு உரிய டிரைவரைத் தேடிப் போட வேண்டும் ஐயா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து பார்க்கிறேன். அதுவரை இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுமையில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அலமாரியில் தேடினேன். கணினி வாங்கியபோது பெட்டிக்குள் வந்த டிரைவர் சிடி அகப்பட்டது. அதன்மேல் விண்டோஸ் 7 என்று அச்சிட்டிருந்ததைக் கண்டும் நான் பொருட்படுத்தவில்லை. இது பொருந்தாமல் போகலாம் என்று திரையில் ஓர் எச்சரிக்கையும் வந்தது. அதையும் தள்ளிவிட்டுத் தொடர்ந்தேன். முடிந்ததும் கணினி தன்னை அணைத்து மீண்டும் தொடங்கியது. சின்னம் தோன்றியது, புள்ளிகள் சுழன்றன. பிறகு நீலத் திரை, அதில் வருத்தமான ஒரு முகக்குறி. படிப்பதற்குள் அது மறைந்து, கணினி மறுபடி தொடங்கியது. மறுபடியும் அதே நீலம். நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு குருமனைக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மாலை ஒரு தாயார் வந்தார். அவருடைய கணவர் எங்கள் பாடகர் குழுவில் நெடுங்காலம் பேஸ் பாடியவர். மறுநாள் மாலை அவருடைய முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம். முந்தைய கீத ஆராதனையில் அவர் தனித்துப் பாடிய ஒரு பதிவு அலுவலகக் கணினியில் இருப்பதை அந்தத் தாயார் அறிந்திருந்தார். "வீட்டில் அவர் குரல் எதிலும் இல்லை ஐயா. பிள்ளைகள் கேட்க வேண்டுமென்று ஆசைப்படுகிறார்கள்" என்றார். நாளைக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். பிறகே அந்தத் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அவர் வந்தபோது சபைச் செயலரும் உடனிருந்தார். மூன்று முறை தொடங்கிப் பார்த்தார். மூன்று முறையும் நீலத் திரை. பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, வியாழக்கிழமைக்குப் பிறகு இதில் ஏதாவது மாற்றினீர்களா?"

"இல்லை" என்றேன்.

எவ்வளவு எளிதாக அந்தச் சொல் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதோடு நான் நிற்கவில்லை. செயலரின் பக்கம் திரும்பி, "அனுபவமில்லாத பிள்ளையிடம் கொடுத்தது என் தவறு" என்றேன். தம்பியின் முகம் கறுத்தது. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியாழனன்று நன்றாக இருந்தது. அதன்பின் யாரும் எதையும் தொடவில்லை. அப்படியானால் வட்டு கெட்டிருக்க வேண்டும், அல்லது தான் செய்த மாற்றமே பிழையாகியிருக்க வேண்டும். நான் கொடுத்த தகவலை வைத்து அவர் அப்படித்தான் முடிவுசெய்ய முடியும். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் ஐயா. உள்ளே இருப்பது கிடைக்குமா என்று தெரியவில்லை" என்றார், தாழ்ந்த குரலில்.

நான் பேசாமல் இருந்தேன். அந்தத் தாயாரின் முகம் கண்முன் வந்தது. அப்பொழுதும் வாய் திறக்கவில்லை.

தம்பி தன் பையிலிருந்து டிவிடியை எடுத்து, கணினியின் தட்டைத் திறக்கப் பொத்தானை அழுத்தினார். தட்டு வெளியே வந்தது. அதில் நான் வைத்த சிடி அப்படியே இருந்தது.

அவர் அதைக் கையில் எடுத்து, மேலே அச்சிட்டிருந்ததைப் படித்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சிடியை மேசைமேல் வைத்துவிட்டு, "நல்லதாயிற்று ஐயா. அப்படியானால் எதையும் அழிக்க வேண்டியதில்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, இந்தப் பழுது எதனால் வருகிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். நமது கன்வென்ஷன் கூட்டங்களில் வேற்றுமொழிப் பிரசங்கியாரின் அருகில் மொழிபெயர்ப்பாளர் நிற்பாரல்லவா? டிரைவர் என்பது அதுபோன்றதே. இயங்குதளம் சொல்வதைத் திரைக்கோ பிரிண்டருக்கோ புரியும்படி எடுத்துச் சொல்லும் சிறு மென்பொருள் அது. பிரசங்கியார் மாறிவிட்டால் பழைய மொழிபெயர்ப்பாளருக்குப் புதியவரின் பேச்சு விளங்காமல் போகலாம். சாதாரண மென்பொருள் ஒன்று தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். அது சபையார் வரிசையில் உட்கார்ந்திருப்பது. கிராஃபிக்ஸ் டிரைவர் போன்றவையோ பிரசங்க பீடத்திலேயே, அதாவது இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே நிற்பவை. அங்கே ஒருவர் தடுமாறினால் கூட்டமே நின்றுபோகிறது.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். நீலத் திரை அழிவின் அடையாளம் அன்று. உள்ளே ஏதோ தவறாகிவிட்டது, இதற்குமேல் ஓடினால் சேமித்தவை கெடக்கூடும் என்று கணினி தானே நின்றுகொள்ளும் நிலை அது. தவறை மறைத்து ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டிலும் நின்றுவிடுவது நல்லது என்ற அந்த ஞானம், அன்றைய மாலையில் அந்த இயந்திரத்துக்கு இருந்தது, எனக்கு இல்லை.

2024 ஜூலை 19 அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு சிறு கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் பணிகள் தடைப்பட்டன. அந்த மென்பொருளும் கருவறைக்குள் நிற்பதே. முடங்கிய கணினிகள் பலவற்றில் செய்த பரிகாரம் எளியது: பாதுகாப்பான முறையில் கணினியைத் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கினார்கள். எதையும் அழித்துப் புதிதாகப் போடவில்லை.

அந்தத் தம்பியும் அன்று இரவு அவ்வழியில்தான் சென்றார். உங்கள் வீட்டில் இது நேர்ந்தால் நீங்களும் செய்யலாம். தொடக்கம் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்துத் தோற்றால், கணினி தானாகவே பழுதுநீக்கும் பகுதிக்குள் செல்லும். அங்கே டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட் திறக்கும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கலாம். அதை இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் கணினி அத்தியாவசியமான டிரைவர்களை மட்டுமே எழுப்பும். புதிதாக வந்த குழப்பக்காரன் வெளியே நிற்பான்.

உள்ளே சென்றதும் தம்பி முதலில் செய்தது பழுதுநீக்கும் வேலை அன்று. பென் டிரைவைச் செருகி, பதிவேடுகளையும் பாடல் பதிவுகளையும் நகலெடுத்தார். அந்தத் தாயார் கேட்ட கோப்பும் இருந்தது. இயக்கிப் பார்க்க முயன்றோம்; ஒலி வரவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. "சேஃப் மோடில் ஒலி டிரைவரும் எழும்பாது ஐயா. கோப்பு இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்றார்.

பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன்கீழ் இருந்த கார்டின் பண்புகளுக்குள் சென்றார். முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் அங்கே உண்டு. எங்கள் கணினியில் அது மங்கிக் கிடந்தது. ஆகவே அந்தச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்யும்படி கொடுத்து, அதன் டிரைவர் மென்பொருளையும் சேர்த்து நீக்கும் கட்டத்தில் குறியிட்டார். கணினியை மீண்டும் தொடங்கினார். சின்னம் வந்தது, புள்ளிகள் சுழன்றன. நாங்கள் மூவரும் மூச்சடக்கி நின்றோம். பெரிய, மங்கலான எழுத்துகளோடு பழைய திரை வந்தது. வெள்ளிக்கிழமை நான் சகிக்காத அதே எழுத்துகள், அன்று எவ்வளவு அழகாக இருந்தன!

தம்பி பாடலை இயக்கினார். அந்த ஆழ்ந்த குரல் அலுவலக அறையை நிறைத்தது. செயலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பாடல் முடிந்ததும் நான் பேசினேன். எந்த மனிதருக்கு முன்பாக அந்தத் தம்பியின்மேல் பழி சுமத்தினேனோ, அந்தச் செயலருக்கு முன்பாகவே, "சிடியைப் போட்டது நான். கேட்டபோது இல்லையென்று பொய் சொன்னேன். தம்பி, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் தலைகுனிந்தபடி, "பரவாயில்லை ஐயா, தட்டைத் திறந்தபோதே விட்டுவிட்டேன்" என்றார். இறையியல் கல்லூரியில் மன்னிப்பைக் குறித்து நான் எழுதிய கட்டுரைகள் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? புதிய டிரைவரா, புதிய சாதனமா, புதிய மென்பொருளா? அதை மறைக்காமல் சொன்னால், திருத்த வேண்டியது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மறைத்தால், நல்லவையும் சேர்ந்து அழிக்கப்படும். ஏதேன் தோட்டத்திலும் இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது. மனிதன் மனைவியைக் காட்டினான். மனைவி சர்ப்பத்தைக் காட்டினாள். நான் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையைக் காட்டினேன். நம் குடும்பங்களிலும் ஒரு பொருத்தம் முறியும்போது, ஒரு சகோதரர் பேசாமல் போகும்போது, இதெல்லாம் இப்படித்தான், அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்று விரைந்துவிடுகிறோம். கடைசியாக நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன் என்று கேட்பதற்கு மட்டும் மனம் வருவதில்லை.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் கணினியில் அழிந்தால் தாங்க முடியாதவை எவையோ, அவற்றை வேறோரிடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய டிரைவரைப் போடுமுன் சிஸ்டம் ரெஸ்டோர் பகுதியில் ஒரு மீட்புப் புள்ளியை உண்டாக்குங்கள். பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவரைப் பழைய சிடியிலிருந்து எடுக்காமல், சாதனத்தை உருவாக்கியவர்களின் தளத்தில் உங்கள் பதிப்புக்கென்றே தந்திருப்பதை எடுங்கள். இது முதலாவது.

இரண்டாவது, உங்கள் தவறுக்காக வேறு யாராவது இன்றுவரை தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தால், அவரிடம் போங்கள். பழி சொன்ன இடத்திலேயே, அதைக் கேட்டவர்களுக்கு முன்பாகவே உண்மையைச் சொல்லுங்கள். தட்டு தானாகத் திறக்கும்வரை என்னைப்போல் காத்திராதேயுங்கள்.

மறுநாள் நினைவு ஜெபக்கூட்டத்தில் அந்தக் குரல் ஒலித்தது. பிள்ளைகள் தாயின் மடியில் சாய்ந்து கேட்டார்கள். பென் டிரைவைக் கொண்டுவந்து இயக்கியவர் அந்தத் தம்பிதான். கூட்டம் முடிந்ததும் தாயார் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நன்றிக்குரியவர் அதோ நிற்கிறார் என்று அவரைக் காட்டினேன்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் போதகர்