எண்ணெய் குடிக்கும் வண்டி

மைசூரு யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, ஜயசாமராஜ உடையாரின் ஆதரவுடன் இரானி குடும்பத்தார் நிறுவிய அத்தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஜாவா வண்டிகளும் 1973 முதல் யெஸ்டி வண்டிகளும் வெளிவந்தன. ஆலை நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் வண்டிகள் நின்றபாடில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று உரிமையாளர்கள் கூடி ஊர்வலம் போகிறார்கள். நாளேடுகள் அதைப் படத்துடன் வெளியிடுகின்றன. ஏனைய ஞாயிறுகளில் வீட்டு முற்றங்களில் நடப்பதை எழுதுவோர் அரியர்.

அத்தகைய முற்றம் ஒன்று. வங்கிப் பணிக்காக மைசூருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழர் ஒருவர். 1984இல் வாங்கிய யெஸ்டி. பொறியியல் பயிலும் மகன். தந்தைக்கு இப்போது கை நடுங்குகிறது, முழங்கால் மடங்குவதில்லை. நாற்காலியில் அமர்ந்து பார்ப்பதே அவர் பங்கு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான சோதனை அடுத்த மாதம். வண்டியோ மூன்று வாரங்களாக வெண்புகை கக்குகிறது. இப்படியே கொண்டுபோனால் சோதனையில் தேறாது.

இருவீச்சு எஞ்சினுக்கு மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லி. கலவை மிகுந்துவிட்டது எனக் கருதிய மகன் அதை 30 மில்லியாகக் குறைத்தான். புகை குறையவில்லை. மேலும் குறைக்க முனைந்தபோதுதான் தந்தை குறுக்கிட்டார்.

“இன்னும் கொறச்சா பிஸ்டன் சீஸ் ஆயிடும். கியர் ஆயில் அளவப் பாருடா.”

அளவு பார்க்கும் திருகைக் கழற்றியதும் தெரிந்தது. எண்ணெய் நன்றாக இறங்கியிருந்தது.

“கீழ ஒரு சொட்டுகூட ஒழுகலையேப்பா. எங்க போச்சு?”

“குடிக்குது.”

இந்த ஒரு சொல்லுக்குள் முழு நோயறிதலும் அடங்கியிருக்கிறது. பிஸ்டன் மேலெழும்போது கிராங்க் அறையில் உண்டாகும் உறிஞ்சலே பெட்ரோல் கலவையை உள்ளிழுக்கிறது. கிராங்க் தண்டின் இடமுனை அந்த அறையைத் தாண்டி, கிளட்சும் சங்கிலியும் கியர் எண்ணெயில் சுழலும் பக்கத்து அறைக்குள் நீள்கிறது. இரண்டுக்கும் இடையே காவல் நிற்பது ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல். அது இறுகித் தேய்ந்துவிட்டால் எஞ்சின் தன் கியர் எண்ணெயையே உறிஞ்சி எரித்துவிடும். கண்ணுக்குத் தெரியும் கசிவு எதுவும் இராது.

தந்தை இதை நூலில் படித்தவர் அல்லர். ஆலை மூடப்பட்டபின், அதன் முன்னாள் தொழிலாளர் ஒருவர் கருவிப்பையுடன் வீடு வீடாக வந்து பழுது பார்த்தார். “எண்ணெ குடீதிதெ” என்பது அவர் வாக்கு. வண்டிக்கு வலுவில்லையேல் “காடி எளீதில்ல” என்பார். தமிழ் மெக்கானிக் “வண்டி இழுக்கல” என்பதற்கு நிகர். குடி, இழு இரண்டுமே தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான திராவிட வேர்கள். அதனால்தானோ என்னவோ, கன்னடம் அரைகுறையாய் அறிந்த வங்கி ஊழியர் எஞ்சின் பாடத்தை மட்டும் பிசகின்றிக் கற்றுக்கொண்டார். அந்தத் தொழிலாளர் காரணம் விளக்கியதில்லை. கேள்விகளையே வரிசையாகக் கேட்பார். புகை கிளப்பும்போது மட்டுமா, ஓடும்போதுமா? கியர் எண்ணெய் இறங்கியிருக்கிறதா? தரையில் சிந்தியிருக்கிறதா? அவர் இன்று உயிரோடு இல்லை. அந்தக் கேள்விகளின் வரிசை எங்கும் எழுதப்படவுமில்லை.

ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் நகலெடுப்பு இயந்திரப் பழுதுநீக்குநரைக் கூர்ந்து ஆராய்ந்து எழுதிய நூல், மைசூரு ஆலை மூடப்பட்ட அதே 1996இல் வெளிவந்தது. கையேடு கைவிடும் இடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லியே பழுதைக் கண்டறிந்தார்கள் என்பது அதன் சாரம். இதை வாசித்தபின் பழுதுநீக்குநர் பேச்சை வெறும் கொச்சை என ஒதுக்குவது கடினம். மைசூரில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. மொழியியல் ஆய்வாளர்களுக்கு அங்குக் குறைவில்லை. அருகிவரும் மொழிகளுக்காகக் காட்டுக்கும் மலைக்கும் ஒலிப்பதிவுக் கருவி தூக்கிச் செல்லும் நம் துறை, தன் தெருவிலேயே அருகிவரும் ஒரு சொல்லாட்சியைக் களமாகக் கருதத் தயங்குவது வியப்புக்குரியது.

முற்றத்தில் வேலை இரண்டு ஞாயிறு பிடித்தது. இவ்வண்டியில் உதைத்துக் கிளப்பும் தண்டே கியர் மாற்றும் தண்டும் ஆகும். முதலில் அது, பின்னர் இடப்பக்க மூடி, கிளட்ச், சங்கிலி. கிராங்க் முனையிலுள்ள பற்சக்கரம் அசையவில்லை. மகன் சுத்தியலை எடுத்தான். தந்தை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“தட்டாத! கிராங்க் கோணிச்சுன்னா எஞ்சினையே பிரிக்கணும். புல்லர் போடு.”

புல்லரை இறுக்கும்போது எவ்விடத்தில் நிறுத்துவது என்று மகன் கேட்டான். தந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுங்கும் தன் கையை மகனின் கைமேல் வைத்து, ஸ்பேனரைச் சேர்ந்தே கால் சுற்று திருப்பினார். ‘டக்’ என்ற ஓசையுடன் சக்கரம் விடுபட்டது. உள்ளே இருந்த சீலின் உதடு கருவாடுபோல் காய்ந்திருந்தது.

புதிய சீல் பொருத்தி, எண்ணெய் நிரப்பி உதைத்தபோது வண்டி மூன்றாம் உதையில் கிளம்பியது. முன்னைப் போலவே வெண்புகை. மகனின் முகம் விழுந்துவிட்டது.

“பொறுடா. சைலென்சர்ல தேங்கினது எரிஞ்சு தீரணும். சாமுண்டி மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டு வா.”

அவன் திரும்பி வந்தபோது இரட்டைச் சைலென்சர்களிலும் மெல்லிய நீலப்புகை மட்டுமே இருந்தது. தந்தை அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு காலை, காப்பிக்கு முன்பே, மகன் திருகைக் கழற்றிப் பார்த்தான். எண்ணெய் துளையின் விளிம்பிலேயே நின்றது.