மதிப்பீட்டில் ஒரு வரி

நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பொதுக் கட்டடத்துக்குச் சாய்தளம் ஏன் இல்லை என்று கேட்டால், முதலில் வரும் பதில் நிதி இல்லை என்பது. வேலைகளுக்கு மதிப்பீடு தயாரிக்கும் தொழிலில் இருந்துகொண்டு அந்தப் பதிலை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. தேனி மாவட்டத்தில் ஆறு நகராட்சிகள் இருக்கின்றன: தேனி அல்லிநகரம், போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர். இவை எதிலும் ஆண்டு முழுக்க வேலையே நடக்காமல் இருப்பதில்லை. சாலை போடுகிறார்கள், கழிப்பறை புதுப்பிக்கிறார்கள், சந்தைக்குக் கூரை வேய்கிறார்கள், பள்ளிக்கு வகுப்பறை கட்டுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி மட்டும் தனியாக ஒரு திட்டம் வரட்டும், தனியாக ஒரு தலைப்பில் பணம் வரட்டும் என்று காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் நாம் நிதிப் பற்றாக்குறை என்று சொல்லிக்கொள்கிறோம்.

பணம் பிந்தி வந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே காட்டிவிடும். சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. தரைமட்டத்திலிருந்து கட்டடத்தின் தளம் 450 மில்லிமீட்டர் உயரம், அதாவது மூன்று படி, என்றால் சாய்தளத்தின் ஓட்டம் மட்டும் 5.4 மீட்டர். 900 மில்லிமீட்டர் என்றால் 10.8 மீட்டர், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளமும் வேண்டும். வரைபடம் போடும்போதே நினைத்திருந்தால் கட்டடத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கலாம், தளத்தின் உயரத்தையே குறைத்திருக்கலாம். கட்டி முடித்த பிறகு நினைவு வந்தால், வாசலுக்கும் வடிகாலுக்கும் நடுவே மிஞ்சிய இரண்டேகால் மீட்டரில்தான் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். சரிவு ஒன்றுக்கு ஐந்தாகிவிடும். அதில் சக்கர நாற்காலியில் தானாக ஏற யாராலும் முடியாது. இறங்கும்போது பின்னால் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். சிமெண்ட் செலவாகிறது, அளவுப் புத்தகத்தில் அளவு ஏறுகிறது, பில் போகிறது, திறப்பு விழாப் படத்தில் சாய்தளமும் தெரிகிறது. ஏற வேண்டியவர் மட்டும் வெளியிலேயே நிற்கிறார். தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டால் இந்த வசதிகளுக்கு ஆகும் கூடுதல் செலவு கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தை ஒட்டியதுதான் என்று உலகெங்கும் மதிப்பிடுகிறார்கள். பின்னால் இடித்துச் சேர்த்தால் அது பல மடங்காகும். அப்போதும் சரியாக வரும் என்ற உறுதி இல்லை.

ஆகவே, நிதி எங்கிருந்து வரும் என்று கேட்பதற்கு முன்னால், மதிப்பீட்டில் இந்த வேலை எந்த இடத்தில் எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக அது கடைசியில், தனி இனமாக, ஒட்டுமொத்தத் தொகையாக ஒரு வரியில் நிற்கும். கம்பி விலை ஏறினாலோ, ஒப்பந்தப்புள்ளி தொகை மீறினாலோ, ஆழ்துளைக் கிணற்றில் எதிர்பாராமல் பாறை வந்தாலோ முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். அதே சாய்தளத்தை மண் வேலையிலும் கற்கட்டிலும் தளவேலையிலும் பிரித்து எழுதி, கட்டடத்தின் உடம்போடு சேர்த்துவிட்டால் வெட்ட முடியாது. கட்டடத் தொழிலாளர் நலவரியை எண்ணிப் பாருங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த அந்த வரிக்குக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் போகிறது. அந்த வரி இல்லாத மதிப்பீட்டை யாரும் கையெழுத்துக்கு வைப்பதில்லை. நிதி இருந்தால் பார்க்கலாம் என்று யாரும் சொல்வதுமில்லை. எதிர்பாராச் செலவுக்கென்றும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் ஒரு சிறு பங்கு ஒதுக்குகிறோம். அந்த வாசலுக்கு வயதானவரும் காலிழந்தவரும் வருவார்கள் என்பது எதிர்பாராத செய்தி அல்ல. கேள்விக்கு இடமில்லாத வழக்கமாக நலவரியை ஆக்க முடிந்த நிர்வாகத்துக்கு இதையும் அப்படி ஆக்குவது கடினமில்லை.

தேனி மாவட்டத்தின் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே பொதுவாழ்க்கை பெரும்பாலும் ஒரே சாலையை ஒட்டி நடக்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று ஊர்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. கூடலூரில் இருக்கும் ஒருவர் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். அவர் வீட்டுத் தெரு நகராட்சியுடையது. தெரு வந்து சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது. பேருந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. தேனியில் இறங்கி மாறும் கர்னல் ஜான் பென்னிகுவிக் பேருந்து நிலையம் வேறொரு நகராட்சியுடையது. மருத்துவமனைக் கட்டடம் பொதுப்பணித் துறை வசம். ஒரு மனிதர் ஒரே காலைப் பொழுதில் நாலைந்து கருவூலக் கணக்குகளைத் தாண்டிப் போகிறார். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் ஒழுங்காகவே செலவழித்திருக்கலாம். மருத்துவமனையில் நல்ல சாய்தளமும் மின்தூக்கியும் இருக்கலாம். பேருந்தின் உயரமான படியில் அவரால் ஏற முடியாதென்றால் அந்தச் செலவு அவர் வரைக்கும் வந்து சேரவில்லை. சாய்தளத்தை ஒரு பொருளாக நினைத்து ஒதுக்கும் பணம் இப்படித்தான் துண்டு துண்டாக நிற்கிறது. ஒதுக்கீட்டின் அலகு கட்டடமாக இருக்கக் கூடாது, பயணமாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். ஒரு நகரத்தில் பத்து இடங்களில் பத்துச் சாய்தளம் கட்டுவதற்குப் பதிலாக, பேருந்து நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனைக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ போகும் ஒரு வழியை எடுத்து, அதன் நடைபாதை, சாலை கடக்கும் இடம், வாசல், கவுன்ட்டரின் உயரம், கழிப்பறை என எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் முடிப்பது மேல். அடுத்த ஆண்டு அடுத்த வழி. இதற்குத் துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்க மாவட்ட ஆட்சியரால் முடியும். நகராட்சி ஆணையரால் தனியாக முடியாது.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, விதிப்படி வசதி இல்லாத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றோ தரக் கூடாது என்கிறது. 45ஆம் பிரிவு, பழைய பொதுக் கட்டடங்களை எல்லாம் விதிகள் வெளியாகி ஐந்தாண்டுக்குள் மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அதே பிரிவில் அதிகம் பேசப்படாத இன்னொரு வாசகம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம், மருத்துவமனை, பள்ளி, ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களுக்கு முன்னுரிமை வகுத்து, அரசும் உள்ளாட்சிகளும் செயல்திட்டம் தயாரித்து வெளியிட வேண்டும் என்பது அது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 50 பணியாளருக்குக் குறையாத உள்ளாட்சிகள் இப்படியொரு திட்டத்தைத் தயாரிக்க வேண்டியிருந்தது. எங்கே தடை, அதை எப்படி நீக்குவது, எப்போது நீக்குவது, பொறுப்பு யாருடையது என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். இடம், அளவு, ஆண்டு, பொறுப்பாளர் என்று எழுதிய பட்டியல் கையில் இருந்தால், மார்ச் கடைசியில் எந்தத் தலைப்பிலாவது மீதிப் பணம் வந்து நிற்கும்போது அதைப் பயன்படுத்த வழி தெரியும். பட்டியல் இல்லாத ஊரில் அந்தப் பணம் யாருக்கு நினைவு வருகிறதோ அவர் தெருவுக்குப் போகும். விதிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி 15 சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயத் தரங்களைப் பிரித்து எழுத மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு கொடுத்தது. வழிகாட்டி நெறிதானே, முடிந்தால் செய்யலாம் என்று இனி எந்தப் பொறியாளரும் சொல்லிவிட முடியாது.

நகர்மன்றங்களில் எழும் முதல் எதிர்ப்பு எண்ணிக்கை பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், அந்த இரண்டு பேருக்காக நூறு பேரின் பணமா என்று கேட்பார்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல். முழங்கால் தேய்ந்த அம்மாவும், கர்ப்பிணியும், கைக்குழந்தையும் பையுமாக வருபவரும், சுமையோடு தடுமாறும் முதியவரும், கட்டுப்போட்ட காலோடு வருபவரும் அந்த 2.21க்குள் அடங்கவில்லை. ஏலத்தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போய் உடம்பு தேய்ந்த ஒரு தலைமுறை இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது மூப்படைந்து வருகிறது. மாற்றுத்திறனாளிகள் இந்த அலுவலகங்களுக்கு வருவதே இல்லையே என்ற அடுத்த வாதத்துக்குப் பதில் அந்த வாசல்படியிலேயே இருக்கிறது. வர முடியாத இடத்தில் வராதவர்களை எண்ணி, தேவை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

குடிநீரும் சாக்கடையும் முதலில், இது பிறகு என்பது இரண்டாவது எதிர்ப்பு. இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். கோடையில் குழாயில் தண்ணீர் வராத வார்டின் உறுப்பினர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் ஒரே பணத்துக்குப் போட்டியிடுவதாக நினைத்துக்கொள்வதுதான் தவறு. பதினைந்தாவது நிதிக்குழு, சிறு நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டி வைத்தது. அந்தத் துப்புரவுப் பணத்தில் கட்டும் பொதுக் கழிப்பறையின் ஒரு கதவை 900 மில்லிமீட்டர் அகலத்தில் வைப்பதும், உள்ளே நாற்காலி திரும்ப இடம் விடுவதும், பக்கத்தில் கைப்பிடி பதிப்பதும் குடிநீரிடமிருந்து ஒரு ரூபாயையும் பறிப்பதில்லை. சாக்கடைக்கு மேல் மூடி போடும்போது அதைச் சாலை மட்டத்தோடு சேர்த்துச் சமமாகப் போட்டால் அதுவே நடைபாதை. மதுரை போடி ரயில் பாதை 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்பி வந்தது. ஒரு பாதையே முழுக்கப் புதிதாக எழும் அப்படிப்பட்ட காலத்தில் உயரங்களைச் சரியாக வைப்பதற்கு அநேகமாகத் தனிச் செலவே இல்லை. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

அந்தப் பணத்தை ஆளுக்கே கொடுத்துவிடலாமே என்ற மூன்றாவது வாதம் கருணையிலிருந்து வருவது. உதவித்தொகை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், சக்கர நாற்காலி எல்லாம் தேவைதான்; தமிழ்நாடு அவற்றில் மற்ற பல மாநிலங்களுக்கு முன்னால் இருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் 1,763 கோடி ரூபாயில் நடக்கும் உரிமைகள் திட்டம், சிகிச்சையையும் பயிற்சியையும் வீட்டருகே கொண்டுவர முயல்வது பெரிய காரியம். ஆனால் ஸ்கூட்டர் தாலுகா அலுவலக வாசல் வரைதான் வரும். அங்கிருந்து தவழ்ந்து ஏறும் ஒருவருக்கு அரசு முந்தைய நாள் கொடுத்த எந்தப் பொருளும் அந்த நிமிடத்தில் உதவாது. கொடுத்த பொருளின் பயனையே வாசல்தான் தீர்மானிக்கிறது.

பராமரிப்புச் செலவைப் பற்றி மதிப்பீடு எழுதுகிறவர்களே போதிய அளவு பேசுவதில்லை. சென்னை மெரினாவில் கடலைத் தொடும் தொலைவு வரை செல்ல 263 மீட்டர் நீள மரப்பாதை 1.14 கோடி ரூபாயில் அமைத்து, 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமானது. சென்னை மாநகராட்சிக்கு அதைத் திரும்பச் சீர்செய்ய ஆளும் பணமும் இருந்தன. ஒரு பேரூராட்சியில் அப்படி நடந்திருந்தால் உடைந்தது உடைந்தபடியே கிடந்திருக்கும். கைப்பிடிக் கம்பி திருடு போவது, தடம் காட்டும் ஓடு பெயர்வது, சாய்தளத்தின் அடியில் இருசக்கர வாகனங்கள் நிற்பது, சிறப்புக் கழிப்பறையைப் பூட்டித் துடைப்பமும் பினாயிலும் வைப்பது எல்லாம் மாநிலத்தின் எந்த ஊரிலும் காணக் கிடைப்பவை. இவற்றைச் சரிசெய்யத் தேவைப்படுவது கோடிகள் அல்ல. ஆண்டுதோறும் பொது நிதியில் பெயர் சொல்லி ஒதுக்கிய ஒரு சிறு தொகையும், சாவி யாரிடம் என்ற தெளிவும் போதும். நன்கொடையாளர் கட்டித் தரும் சாய்தளத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டியவர் போன பிறகு அது எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் இல்லாத பொருளைப் பழுது பார்க்கத் தணிக்கையும் விடாது.

இதுவரை சக்கர நாற்காலியைப் பற்றியே பேசியிருக்கிறேன், அரசின் செலவும் அங்கேதான் நிற்கிறது என்பதால். பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் தேவைப்படுபவை இன்னும் மலிவு. பேருந்து நிலையத்தில் நடைமேடை எண்ணையும் ஊர்ப் பெயரையும் தெளிவாகச் சொல்லும் ஒலிபெருக்கி, வெள்ளைப் பின்னணியில் கறுப்பில் பெரிதாக எழுதிய பலகை, படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை, மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் காட்டும் விளக்குப் பலகை. இவற்றுக்குச் சிவில் வேலை அநேகமாக இல்லை. அதனாலேயே சிவில் மதிப்பீட்டில் இடமும் கிடைப்பதில்லை.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை நகர்மன்றங்களிலும் ஊராட்சிகளிலும் நியமன உறுப்பினர்களாக உட்கார வைக்க வழி செய்தது. நிதி பற்றிய இந்த விவாதத்தில் கடந்த பல ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம் என்று இதையே கருதுகிறேன். அவர்கள் வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்கு வரும் நாளில் பேசினால் காலம் கடந்துவிடும். பொறியியல் பிரிவு அடுத்த ஆண்டுக்கான வேலைப்பட்டியலைத் தயாரிக்கும் டிசம்பர், ஜனவரியிலேயே போய், எந்தெந்த வேலை வருகிறது என்று கேட்டு, ஒவ்வொரு வேலைக்கும் மண் வேலை தொடங்கி வண்ணம் பூசுவது வரை உள்ள இனங்களில் வாசலும் வழியும் எங்கே வருகின்றன என்று பார்க்க வேண்டும். மதிப்பீட்டின் நகலைக் கேட்பது அவர்களுடைய உரிமை. அதில் தரைமட்டத்துக்கும் தளமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்திருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அவ்வளவு நீளம் வரைபடத்தில் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்த பிறகு தீர்மானம் மன்றத்துக்கு வரட்டும்.