பாதியில் நின்ற விமானம்

கைவிட்ட ஒரு வேலையை நெடுங்காலத்துக்குப் பின் மீண்டும் கையில் எடுக்கிறவர்கள், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த இடம் அப்படியே காத்திருப்பதில்லை. நாமும் அதே மனிதராக இருப்பதில்லை. இதை எனக்கு இவ்வாண்டில் உணர்த்தியது ஒரு சிறிய பிளாஸ்டிக் விமானம்.

இளமையில் நானும் என் அண்ணனும் மாதிரி விமானங்கள் செய்வதுண்டு. நாங்கள் கடைசியாகத் தொடங்கியது ஸ்பிட்ஃபயர் என்னும் பிரிட்டிஷ் போர் விமானத்தின் 1:72 அளவு மாதிரி. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கும் கணக்கு அது. அசல் விமானத்தின் 36 அடி 10 அங்குல இறக்கை விரிவு, மாதிரியில் 15.6 சென்டிமீட்டர்தான். உடற்பகுதியை அண்ணன் ஒட்டி, வண்ணமும் தீட்டிவிட்டார். இறக்கைகள் என் பங்கு. அதற்குள் படிப்பும் வேலையும் எங்களை வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டன. முப்பது ஆண்டுகள் கடந்தன. சென்ற ஆண்டு அண்ணன் மறைந்தபின், அண்ணியார் அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள்.

பல வாரங்கள் அதை நான் தொடவில்லை. அவர் விட்டுச்சென்றபடியே காப்பதா, முடிப்பதா என்பதே என் தயக்கம். முடித்துவிட்டால், அவரோடு சேர்ந்து செய்வதற்கு இனி ஒன்றும் மீதியிராது அல்லவா?

அந்த விமானத்தின் வரலாறே எனக்கு வழிகாட்டியது. ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல், அது 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்ததைக் கண்டார். 1937 ஜூனில், 42ஆம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். விமானப்படையில் அது சேர்ந்ததோ 1938இல்தான். அவருடன் பணியாற்றிய ஜோசப் ஸ்மித் அவ்வடிவமைப்பை ஆண்டுகள்தோறும் மேம்படுத்தினார். எல்லா வகைகளும் சேர்த்து 20,000க்கும் மேற்பட்ட விமானங்கள் உருவாயின. மிட்செலின் வரைபடங்களை அவர் நினைவுப்பொருளாகப் பூட்டி வைக்கவில்லை.

ஆகவே பெட்டியைத் திறந்தேன். பசைக்குழாய் காய்ந்து கல்லாகியிருந்தது. வண்ணச் சிமிழ்கள் இறுகியிருந்தன. நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் பழுப்பேறியிருந்தன. அவற்றைச் சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தேன். சில வாரங்களில் பழுப்பு வெளுத்தது. சன்னலால் சரிசெய்ய முடியாதது என் பார்வை. முன்பு வெறுங்கண்ணால் செய்ததற்கு இப்போது உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது.

இந்த மாதிரிகளுக்கான பசை, கோந்தைப்போல் இரு துண்டுகளுக்கு நடுவே நின்று பிடித்துக்கொள்வதில்லை. அது இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சிறிதளவு கரைக்கிறது. கரைந்தவை ஒன்றோடொன்று கலந்து, ஈரம் ஆவியானபின் ஒரே துண்டாக உறுதிப்படுகின்றன. முப்பது ஆண்டு பழைய பிளாஸ்டிக்கும் இதற்கு இணங்குகிறது. ஆனால் வண்ணத்தின் மேல் இப்பசை பயன்படாது. இறக்கை சேரும் விளிம்பில் அண்ணன் தீட்டிய வண்ணத்தைச் சுரண்டியே ஆகவேண்டும்.

பிரியமானவர்களே, கத்தியை எடுத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். இறுதியில், சேரும் விளிம்பில் மட்டும், ஒரு நூலளவு சுரண்டினேன். பசை தடவி, இறக்கையை உடலோடு பொருத்தி, ஓர் இரவு அசையாமல் வைத்தேன். காலையில் தூக்கிப் பார்த்தபோது அது உறுதியாக இருந்தது. நான் வாங்கிய பச்சை, அண்ணனின் பச்சையோடு ஒத்துப்போகவில்லை. அவர் தூரிகை விட்ட தடங்களும் தெரிகின்றன. அவற்றின் மேல் நான் வண்ணம் பூசவில்லை. எங்கே அவர் முடித்தார், எங்கே நான் தொடங்கினேன் என்பதை யாரும் காணலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும்: பாதி பின்னிய கம்பளிச் சட்டை, இசைக்காத ஆர்மோனியம், தாயார் எழுதத் தொடங்கிய குடும்ப வரலாறு. இவ்வாரம் அதைக் கீழே இறக்குங்கள். பழைய திறமையைக் கைகளிடம் உடனே கேட்காதிருங்கள். காய்ந்துபோனதற்குப் பதிலாகப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். சுரண்டவேண்டியது இருப்பின், சேரும் இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். மற்றதை அவர்கள் விட்டபடியே விட்டுவிடுங்கள்.