மதிலுக்கு வெளியே ஒரு வட்டம்

பாரிஸ் நகரத்தின் முதல் மெட்ரோ தடம், உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த 1900 ஜூலை 19 அன்று, மேற்கே போர்ட் மாயோவுக்கும் கிழக்கே போர்ட் து வான்சென்னுக்கும் இடையே திறக்கப்பட்டது. ‘போர்ட்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு வாயில் என்பது பொருள். 1840களில் நகரைச் சுற்றி எழுப்பப்பட்ட கோட்டை மதிலின் வாயில்களையே அப்பெயர்கள் குறிப்பதால், ஒரு வாயிலில் தொடங்கி மறு வாயிலில் முடிந்த அந்த ரயில் மதிலைத் தாண்ட முனையவில்லை என்பது நிலையங்களின் பெயரிலேயே பதிவாகியுள்ளது. நூறாண்டுக்குப் பின் அதே நகரின் புறத்தே, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமும் 68 நிலையங்களும் கொண்ட புதிய வலைப்பின்னல் ‘கிரான் பாரி எக்ஸ்பிரஸ்’ என்னும் பெயரில் உருவாகி வருகிறது. இன்று ஐரோப்பாவில் நடக்கும் மெட்ரோப் பணிகளுள் மிகப் பெரிதான இதன் உட்பொருளை அறிய, முதல் மெட்ரோ ஏன் மதிலுக்குள் அடங்கி நின்றது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நகருக்குள் ரயில் அமைக்கும் பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் எழுந்தபோது, நாட்டின் பெருந்தடங்களை நகரின் அடியில் இணைத்துவிட வேண்டும் என்று அரசும் ரயில் நிறுவனங்களும் விரும்பின. நகர மன்றமோ, அப்படிச் செய்தால் மக்கள் வெளியே குடியேறுவர், நகரின் வரிவருவாய் குன்றும், நிர்வாகமும் கைநழுவும் என்று அஞ்சி, நகரத்தார்க்கு மட்டுமே உரிய உள்ளூர் ரயிலையே கோரியது. 1895இல் அரசு இசைந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் தண்டவாளங்களின் இடைவெளியை நாட்டுத் தடங்களுக்கு ஒப்பாகவே வைத்தாலும், பெட்டியின் அகலத்தை 2.4 மீட்டராகக் குறுக்கியதால், அதற்கேற்ப ஃபுல்ஜான்ஸ் பியான்வெனு என்னும் பொறியாளர் அமைத்த சுரங்கங்களுக்குள் பெருந்தட ரயில்கள் நுழைய வழியில்லாமற் போயிற்று. மெட்ரோ மதில் எல்லையைக் கடந்து பக்கத்து ஊரை அடைந்தது 1934இல்தான்.

மதில் முதல் உலகப் போருக்குப் பின் இடிக்கப்பட்டாலும், அது நின்ற வளையத்தை ஒட்டியே 35 கிலோமீட்டர் நீளமுள்ள ‘பெரிஃபெரிக்’ என்னும் சுற்றுச் சாலை எழுந்து 1973இல் முழுமை பெற்றது. கல் மதிலின் வேலையை வாகன வெள்ளம் ஏற்றுக்கொண்டது எனலாம். சாலைக்கு உள்ளே ஏறத்தாழ 21 லட்சம் பேரும், உள்ளும் புறமும் சேர்ந்த இல்-து-பிரான்ஸ் என்னும் மாநிலப் பகுதி முழுவதிலும் 1.2 கோடிக்கு மேற்பட்டோரும் வாழ்கின்றனர். புறத்தே உள்ள ஊர்களுக்கு வழங்கும் பொதுப்பெயர் ‘பான்லியூ’ என்பது. இடைக்காலத்தில் ஓர் ஊரின் ஆணை செல்லுபடியாகும் ஒரு லீக் தொலைவு நிலத்தைக் குறித்த அச்சொல், இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளையும், அவற்றில் வாழும் உழைப்பாளர்களையும் குடிபெயர்ந்தோரையும் நினைவூட்டும் சொல்லாக மாறிவிட்டது.

இப்பகுதிக்கு ரயில் இல்லாமல் இல்லை. 1970களில் வளர்ந்த ‘ஆர்.இ.ஆர்.’ என்னும் வட்டார விரைவு ரயில்கள் புறநகரை மையத்தோடு இணைத்தன. அவற்றின் நடுமுடிச்சு, 1977இல் திறக்கப்பட்ட ஷாத்லே நிலையம். எனினும் அத்தடங்கள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்தை நோக்கியே ஓடுகின்றன. சக்கரத்துக்கு வட்டை அமையாததால், ஒரு புறநகரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள மறு புறநகருக்குச் செல்பவர் பாரிசுக்குள் வந்து, ரயில் மாறி, மீண்டும் வெளியேற வேண்டும்; இல்லையேல் நெரிசலில் ஊரும் பேருந்தை நம்ப வேண்டும். அன்றாடப் பயணங்களில் பெரும்பகுதி புறநகருக்கும் புறநகருக்கும் இடையிலேயே நிகழ்கிறது என்பதால், இக்குறை சிலருடைய வசதிக்குறைவாக நின்றுவிடவில்லை.

வட்டை வேண்டும் என்பதில் கருத்தொற்றுமை இருந்தாலும், எந்த வட்டை என்பதில் இரு பார்வைகள் மோதின. தென்கிழக்குப் புறநகரான வால்-து-மார்ன் மாவட்ட மன்றம் 2006இல் ‘ஓர்பிவால்’ என்னும் அமைப்பை நிறுவி, மக்கள் அடர்ந்த ஊர்களைச் சுற்றியிணைக்கும் மெட்ரோவைக் கோரியது. மாநில மன்றமும் ‘ஆர்க் எக்ஸ்பிரஸ்’ என்னும் ஒத்த திட்டத்தை முன்வைத்தது. 2009 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் நிக்கோலா சர்க்கோசி அறிவித்த திட்டமோ, விமான நிலையங்களையும் லா தெஃபான்ஸ் வணிக வட்டாரத்தையும் சக்லே ஆய்வுமேட்டையும் விரைவாக இணைத்து, உலக நகரங்களோடு பாரிசைப் போட்டியிட வைப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தது. முன்னது இருக்கும் மக்களைக் கணக்கிட்டது. பின்னது வரப்போகும் முதலீட்டைக் கணக்கிட்டது. பொது விவாதங்களுக்குப் பின் 2011 ஜனவரியில் இரண்டும் ஒரே வரைபடத்தில் இணைக்கப்பட்டன. இன்றைய தடங்களின் போக்கில் அவ்விரு நோக்கங்களின் தையல் தெளிவாகவே தெரிகிறது.

அவ்வரைபடத்தில் 15ஆம் எண் தடமே முழு வட்டம்: 75 கிலோமீட்டர் நீளம், 36 நிலையங்கள், மையத்தை நோக்கிச் செல்லும் பழைய தடங்களுள் பெரும்பாலானவற்றோடு சந்திப்பு. 16ஆம் தடம் வடக்கே சென்-துனியிலிருந்து லா கூர்நெவ், லு பூர்ஜே, ஓல்னே, செவ்ரான், கிளிஷி-சூ-புவா வழியாகக் கிழக்கே நுவாசி-ஷாம் வரை வளைந்து செல்கிறது. 17ஆம் தடம் சார்ல் து கோல் விமான நிலையத்தை நோக்கியும், 18ஆம் தடம் ஓர்லியிலிருந்து சக்லே வழியாக வெர்சாய் நோக்கியும் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு முதுகெலும்பாக, 1998இல் ஓட்டுநரின்றி ஓடத் தொடங்கிய 14ஆம் தடம் இரு முனைகளிலும் நீட்டப்பட்டு, ஒலிம்பிக் போட்டிக்கு ஒரு மாதம் முன்பு, 2024 ஜூன் 24 அன்று, வடக்கே சென்-துனியையும் தெற்கே ஓர்லி விமான நிலையத்தையும் எட்டியது. 15ஆம் தடத்தின் பெட்டிகள் 2.8 மீட்டர் அகலம் கொண்டவை என்பதும் கருதத்தக்கது. 1898இல் குறுக்கப்பட்ட அளவு புதிய வட்டத்தில் கைவிடப்பட்டுள்ளது.

தோண்டும் முறையும் மாறியிருக்கிறது. பியான்வெனு காலத்துச் சுரங்கங்கள் தெருவின் கீழே மேலோட்டமாக அகழப்பட்டவை. இன்றைய சுரங்கங்களை, உருளைவடிவக் கவசத்தின் முகப்பில் சுழலும் வெட்டுத் தகடு மண்ணைக் குடைந்து செல்ல, பின்னாலேயே வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளை வளையமாக அடுக்கி நகரும் குடைவு எந்திரம் அமைக்கிறது. மண் சரிந்து மேலுள்ள வீடுகள் தாழ்ந்துவிடாமலிருக்க, குடையும் முகப்பில் எப்போதும் அழுத்தம் தக்கவைக்கப்படுகிறது. பாரிசைச் சுற்றியுள்ள நிலம் இதற்கு எளிதில் இணங்குவதன்று. தெற்கே பழைய சுண்ணாம்புக்கல் குவாரிகளின் வெற்றிடங்களும், வடகிழக்கே நீரில் கரைந்து குழிவிழும் ஜிப்சப் படிவங்களும் கிடக்கின்றன. ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ என்று தமிழ் வாசகர் அறிந்த பொருள், இப்படிவங்களிலிருந்து கிடைத்த ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்துச் செய்யப்பட்டதாலேயே அப்பெயர் பெற்றது. மேட்டுநிலத்தின் அடியில் அமைந்த வில்ஜுயிஃப்-குஸ்தாவ் ருசி நிலையத்தின் நடைமேடை, தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் உள்ளது. சுரங்கத் தொழிலாளரின் காவற்புனிதையான பார்பராவை முன்னிட்டு, ஒவ்வொரு குடைவு எந்திரத்துக்கும் பெண்பெயர் சூட்டும் வழக்கமும் இங்கு தொடர்கிறது.

இத்தகைய பணியில் கணக்குகள் முதலில் சொன்னபடி நிற்பதில்லை. 2010இல் 2,000 கோடி யூரோ அளவில் பேசப்பட்ட செலவு, 2017இல் தணிக்கை மன்றம் ஆராய்ந்தபோது ஏறத்தாழ 3,850 கோடி யூரோவை எட்டியிருந்தது. 15ஆம் தடத்தின் தெற்கு வில் 2020இல் திறக்கப்படும் என்று சொல்லப்பட்டதோ பலமுறை தள்ளிப்போயிற்று. பணியிட விபத்துகளில் தொழிலாளர் சிலர் உயிரிழந்ததும் இக்கணக்கில் சேரும். செலவுக்கான முறை வேறு வகையில் கவனத்திற்குரியது: 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த பொதுக் கழகம் சந்தையில் கடன் பெற்றுக் கட்டுகிறது, அக்கடனை இல்-து-பிரான்ஸ் பகுதியின் அலுவலகக் கட்டடங்கள் மீதும் சொத்துகள் மீதும் விதிக்கப்படும் தனிவரிகள் பல பத்தாண்டுகளில் அடைக்கின்றன. ரயில் வருவதால் நிலத்தின் மதிப்பு உயருமானால், அவ்வுயர்வில் ஒரு பங்கு ரயிலுக்கே திரும்ப வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஐரோப்பாவில் புதிய மெட்ரோ அமைக்கும் ஒவ்வொரு நகரமும் தனக்கே உரிய தடையைத் தோண்டி எடுக்கிறது. கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் உரோமானியர் காலக் கடைவீதி சுரங்கப் பாதையில் குறுக்கிட, அதை நிலையத்துக்குள்ளேயே காட்சிக்கு வைத்து 2024 நவம்பர் இறுதியில் மெட்ரோ திறக்கப்பட்டது. கோப்பன்ஹேகன் நெருங்கிய பழைய நகரின் அடியில் 17 நிலையங்கள் கொண்ட வட்டத்தை அமைத்து 2019இல் திறந்தது. பாரிசில் குறுக்கிட்டது சமூகத் தொலைவு. அதற்குச் சான்று 16ஆம் தடத்தின் கிளிஷி-மோன்ஃபெர்மெய் நிலையம்: தலைநகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருந்தும் ரயிலே இல்லாத கிளிஷி-சூ-புவாவில், 2005 அக்டோபர் 27 அன்று, காவலரிடமிருந்து ஓடித் துணைமின்நிலையத்துக்குள் ஒளிந்த இரு சிறுவர்கள் மின்சாரம் பாய்ந்து இறந்தனர், அதைத் தொடர்ந்து மூன்று வாரங்கள் நாடெங்கும் கலவரம் பரவியது. டிராம் அங்கு வந்து சேர்ந்ததே 2019இல்தான். ஒரு நிலையத்தால் அந்தக் காயம் ஆறிவிடும் என்று கருத இடமில்லை. ஆயினும், வேலைதேடும் இளைஞருக்கு முகவரியே தடையாகும் ஊரில், தொலைவு குறைவது சிறிய மாற்றமன்று.

இங்கேதான் தமிழரின் கதையும் இத்தடங்களைத் தொடுகிறது. 1980களிலிருந்து ஈழத்துப் போரால் இடம்பெயர்ந்து வந்தோர், பாரிசின் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லா சப்பல் பகுதியில் கடைகளைத் திறந்தனர். வசித்தவரில் பலரோ வாடகை குறைவான லா கூர்நெவ் முதலிய வடக்குப் புறநகர்களில் குடியேறினர். ஆரக்கால்கள் வந்து கூடும் முனைகளுள் ஒன்றாக அந்த நிலையம் இருந்ததே, எந்தத் திசையில் குடியிருந்தவர்க்கும் லா சப்பலைச் சந்தையாகவும் சந்திப்பிடமாகவும் ஆக்கியது என்று கொள்ள இடமுண்டு. முருங்கைக்காயும் தமிழ்ச் செய்தித்தாளும் தேடி வாரந்தோறும் அங்கு சென்றவர்கள் ரயில் வரைபடத்தின் வடிவத்தையே பின்பற்றினர். வட்டத் தடங்கள் புறநகர்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது, அவர்களுடைய சந்தைகளும் புதிய சந்திப்புகளை நாடிப் பிரியக்கூடும்.

அப்போது அவர்கள் அதே ஊர்களில் வாழ்வார்களா என்பது அடுத்த வினா. புதிய நிலையத்தைச் சுற்றி வாடகையும் மனைவிலையும் ஏறுவது எந்த ஊரிலும் காணும் இயல்பு. வீடமைப்பு முறை அதைத் தாங்கும் வகையில் இல்லாவிடில், யாருக்காகத் தடம் வெட்டப்பட்டதோ அவர்களையே அது இன்னும் தொலைவுக்குத் தள்ளிவிடும். அதற்கு மாற்றாக, நகராட்சிகள் குறிப்பிட்ட விழுக்காடு சமூக வாடகை வீடுகளை வைத்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. கட்டணத்திலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு: தொலைவுக்கேற்ப விலை மாறிய மாதச் சீட்டு 2015 செப்டம்பரில் பகுதி முழுவதற்கும் ஒரே விலையாக, 70 யூரோவாக ஆக்கப்பட்டது, 2025இல் அது 88.80 யூரோவாக உயர்ந்தாலும், மதிலுக்கு வெளியே வாழ்வதற்குத் தண்டம் கட்டும் நிலை நீங்கியது.

எஞ்சுவது நேரம். பாரிசின் உணவகச் சமையற்கட்டுகளில் இரவுப் பணியை முடித்து வெளியே வருவோரிலும், விடியுமுன் அலுவலகங்களைத் துடைக்கச் செல்வோரிலும் பான்லியூவில் குடியிருப்போர் மிகுதி. தமிழரும் அவர்களுள் உண்டு. மெட்ரோவோ வாரநாட்களில் அதிகாலை ஒன்றேகால் மணியளவிலும், வெள்ளி, சனி இரவுகளில் இரண்டேகால் மணியளவிலும் நின்றுவிடுகிறது. அதன்பின் இரவுப் பேருந்துகளே துணை. கோப்பன்ஹேகனில் ஓட்டுநரில்லா மெட்ரோ இரவு முழுவதும் ஓடுகிறது. பாரிசின் புதிய வட்டமும் ஓட்டுநரில்லாமல் ஓடவே கட்டப்படுகிறது. 1898இல் பெட்டியின் அகலத்தைக் குறுக்கிய ஒரு முடிவு நூறாண்டுக்கு மேல் நகரையும் புறநகரையும் பிரித்து வைத்தது. மண்ணுக்குள் 50 மீட்டர் இறங்கிக் குடைந்து அதைத் திருத்த முயலும் நாடு, கடைசி வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதையும் அதே அக்கறையோடு முடிவுசெய்தால்தான், சமையற்கட்டின் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வருபவருக்கு இந்த வட்டம் முழுமை பெறும்.