ஆவி அடங்கட்டும், தோழர்களே

வாடகை அறையில் நாங்கள் நான்கு பேர். மாட்டுக்கறி வாசனை வீட்டுக்காரருக்கு எட்டக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, குக்கரில்தான் வேகவைப்போம். ஒருநாள் படியில் செருப்புச் சத்தம். பதற்றத்தில் குக்கரை இறக்கி, ஆவி அடங்குமுன்பே மூடியை நெம்பினோம். உள்ளே சுமார் 120 டிகிரி! சாறு ஒரு தோழரின் முன்கையில் தெறித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. வந்தவரோ தண்ணீர் கேன் போடும் தம்பி.

இப்போதெல்லாம் தானாக அடங்கவிட்டு, வெயிட்டைத் தூக்கி, ‘உஸ்’ சத்தம் வராவிட்டால்தான் திறக்கிறோம். அடுப்பில் ஏற்றுமுன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, ஆவிக்குழாய்த் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பருப்பென்றால் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. சேஃப்டி வால்வு உருகிப்போனால் அதே கம்பெனி வால்வுதான் வாங்க வேண்டும். கண்டதை வைத்து அடைக்காதீர்கள். ரப்பர் விறைத்துவிட்டது, இந்த மாதம் மாற்ற வேண்டும். ஜன்னல் இப்போது திறந்தே இருக்கிறது; வீட்டுக்காரர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.